புதுப்பிப்பு: அந்த ஸ்டீம் படம் என்ன ஆச்சு?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் நடக்கும் என் பேய் விளையாட்டுக்கு இரண்டு முகப்புப் படங்களைப் போட்டு, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்துக்கு எது எடுப்பாக இருக்கும் என்று கேட்டிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி.

கடைவீடுகள் வரிசையாக நிற்கும் படத்துக்குத்தான் ஆதரவு அதிகம். அழகுதான். ஆனால் ஸ்டீமில் சிறிய படம் 120 × 45 பிக்சல் வரை சுருங்கும். அந்த அளவில் அத்தனை ஜன்னலும் வெறும் பழுப்புத் திட்டு. அதனால் நான் எடுத்துக்கொண்டது இதுதான்: அஞ்சடியின் (கடைவீட்டு முன்புற நடைபாதையின்) தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு முகம், கையில் பச்சை விளக்கு, அவ்வளவுதான். சிறிய படத்தில் முகத்தையும் ஓரங்கட்டி, பெயரையே பெரிதாக்கிவிட்டேன்.

“பரிசு வாங்கியதையும் மேலே போடு தம்பி” என்றார் ஓர் அண்ணன். ஆசைதான்! 2022 செப்டம்பரிலிருந்து விருது, மதிப்பெண், தள்ளுபடி எதையும் அந்தப் படங்களில் எழுத ஸ்டீம் விடுவதில்லை.

அப்புறம், லைப்ரரிக்கான (ஆடுபவர் வாங்கிய விளையாட்டுகளின் பட்டியலுக்கான) 600 × 900 நெட்டைப் படம் இன்னும் பாக்கி. தூண் இருக்கிறதே, நீட்டிக்கொள்ளலாம்.