ஹோ மழைக்காடு: ஜீன்ஸ், குடை போதுமா?

கேள்வி: அக்டோபர்ல வாஷிங்டன் மாநில ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குப் போறோம். ஆறு பேர், ஒரு வழிகாட்டி. ஹோ ஆற்றுப் பாதையில ஃபைவ் மைல் ஐலண்ட் வரை. ஜீன்ஸ், குடை போதுமா?

பதில் 1: ஜீன்ஸ் வேண்டாங்க. பருத்தி நனைஞ்சா அங்கே காயாது, குளிர் ஏறிடும். உள்ளே கம்பளி இல்லன்னா பாலியஸ்டர், மேலே மழைக்கோட்டு. வருஷத்துக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை. விட்ட பிறகும் பாசியிலிருந்து சொட்டும். குடை கிளையில மாட்டும்.

பதில் 2: போகவர 16 கி.மீ., ஏற்றம் குறைவு. வழுக்குறது வேரும் மரப்பாலமும்தான். தடுமாறினா பக்கத்துச் செடியைப் பிடிக்காதீங்க. டெவில்ஸ் கிளப்ங்கிற முட்செடியோட முள் தோல்ல ஒடிஞ்சு நிக்கும். விழுந்த மரத்துல ஏறவும் கூடாது, ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரக்கன்றுகள் அதுமேலதான் வேர்பிடிக்குது. எல்க் மான்கிட்ட 45 மீட்டராவது தள்ளி நில்லுங்க. இணைசேரும் பருவம், ஆண் பாயும்.

பதில் 3: தலைவிளக்கு ஆளுக்கொண்ணு. மரத்தடியில சீக்கிரமே இருட்டிடும்.