புதுப்பிப்பு: தொட்டிக்கு ஆற்றுக் கட்டை (பால்மரம், அதாவது ரப்பர் மரம், வேண்டாம்)

சுங்கை சிப்புட் பக்கம் ஆற்றோரம் ஒதுங்கும் கட்டையை மீன்தொட்டிக்குத் தயார்செய்யும் முறையை முன்பு எழுதியிருந்தேன். அதில் “ஒரு வாரம் ஊறினால் போதும்” என்றதைத் திருத்திக்கொள்ளுங்கள். கைப்பருமன் கட்டைக்கே மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். தானாக மூழ்கும்வரை ஊறவிடுங்கள்.

பலர் கேட்டது: தோட்டத்தில் சும்மா கிடக்கும் பால்மரக் கிளை ஆகுமா? ஆகாது. அதில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், தண்ணீரில் மெத்தென்று அழுகும். செம்பனை (எண்ணெய்ப்பனை) தண்டு வெறும் நார், சில மாதங்களில் கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். நன்கு காய்ந்த கொய்யாக் கிளை நல்லது. பட்டையை முழுக்க உரித்துவிடுங்கள். எந்தக் கட்டையானாலும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் வைரம் பாயாத கட்டை, விட்டுவிடுங்கள். களைக்கொல்லி அடிக்கும் தோட்டத்து லோங்கானில் (வடிகாலில்) கிடப்பதைத் தொடவே வேண்டாம். மருந்து மரத்துக்குள் ஊறியிருந்தால் கொதிக்கவைத்தாலும் முழுக்கப் போகும் என்று நம்ப முடியாது.

சமையலுக்கு எடுக்காத அண்டாவில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறை. குளோராக்ஸ் (வெளுப்பு மருந்து) கூடாது, மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

தொட்டியில் வைத்த சில நாளில் வழவழவென்று வெண்படலம் வருகிறதா? பயப்படாதீர்கள். மரத்தின் சர்க்கரையைத் தின்னும் நுண்ணுயிர்தான், இறால் மேய்ந்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மட்டும் உடனே வெளியே எடுங்கள். தேயிலைச் சாயம் போல நிறம் இறங்குவது மீனுக்குக் கெடுதல் இல்லை. பிடிக்காதவர்கள் வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றலாம்.