புதுப்பிப்பு: சாவுப்பயம் பற்றி மாசியில் கேட்டிருந்தேன்

2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) கிடந்த இரவுகளிலிருந்து என்னை விடாத சாவுப்பயத்தை, கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் எப்படிக் கடப்பது என்று அப்போது கேட்டிருந்தேன். பயம் போய்விடவில்லை, ஆனால் நள்ளிரவில் எழுந்து நாடி பிடித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

வைகாசிப் பொங்கலுக்கு அம்மாவை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குக் கூட்டிச் சென்றேன். கடல்நீரில் எரிவதாக நம்பப்படும் விளக்கின் முன் அவர் கண்மூடி நின்ற அமைதி எனக்கு வாய்க்கவில்லை. வாய்த்ததாகக் காட்டிக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை.

எனக்கு உதவியது, முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைவுகூர மே 18 அன்று காய்ச்சிய கஞ்சிதான். அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டுமே சேர்ந்த அதைச் சிரட்டையில் ஊற்றி நீட்டியபோது, வாங்கிய முதியவர், “எனக்கும் ராவிலை அதே பயந்தான், தம்பி” என்றார். இப்போது சனிக்கிழமைகளில் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து அந்தப் பயத்தைப் பற்றிப் பேசுகிறோம்.