மழையில் நனைந்த பார்லி மால்ட்டுக்கு ஆகுமா?

வணக்கம் மக்களே. பெங்களூர் இந்திராநகர் பக்கம் ஒரு சின்ன ப்ரூவரியில் (பீர் தயாரிக்கும் இடம்) வேலை. சொந்தமாக மால்ட் (பீருக்காக முளைக்கவைத்துக் காயவைத்த பார்லி) போட்டுப் பார்க்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை (எனக்கில்லை!). ராஜஸ்தானிலிருந்து பார்லி சாம்பிள் வந்திருக்கிறது. அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதாம்.

ஈரப்பதம் 12 சதவீதம்தான் என்கிறார் தரகர். நனைந்ததை அப்புறம் காயவைத்தாலும் அதே 12தானே காட்டும்? கதிரிலேயே முளை கிளம்பியிருந்தால் ஸ்டார்ச் அப்போதே உடைய ஆரம்பித்திருக்கும். இப்போது 95 சதவீதம் முளைத்தாலும், கோடவுனில் சில மாதம் கிடந்தால் முளைப்புத்திறன் சரிந்துவிடும். சில மணிகளின் முனை வேறு கறுத்திருக்கிறது. பூஞ்சையா, வெறும் மழைக்கறையா?

மணி கதிரிலேயே முளைவிட்டதா என்று காட்டும் 'ஃபாலிங் நம்பர்' டெஸ்ட் பெங்களூரில் யார் செய்து தருவார்கள்? பெரிய மாவு மில்களில் கோதுமைக்குப் பார்ப்பார்கள்; வெளியாள் கொண்டுபோகும் பார்லியை வாங்குவார்களா? புரதமும் சேர்த்துப் பார்க்கும் லேப் என்றால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமைக்குள் தரகருக்குப் பதில் சொல்லணும், ப்ளீஸ்.