வீடு மாறியும் மகளுக்கு வார்சிட்டி அனுமதி வரவில்லை (டெக்சஸ்) – எங்கே சிக்கியிருக்கிறது?

வாலிபால் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். டெக்சஸில் இருக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பு, வாலிபால் ஆடுகிறாள். ஜூனில் வீடு மாறினோம், ஆகஸ்டில் புதுப் பள்ளியில் சேர்ந்தாள். செலக்‌ஷனில் வார்சிட்டிக்கே, அதாவது பள்ளியின் முதல் டீமுக்கே, எடுத்துவிட்டார்கள். ஆனால் முதல் மேட்ச் அன்றைக்கு அவளுக்கு மட்டும் ஜெர்சி இல்லை. "பேப்பர் இன்னும் கிளியர் ஆகலை, அதுவரை ஜே.வி.யில (இரண்டாம் டீம்) ஆடட்டும்" என்றார்கள். இன்றோடு மூன்று வாரம்.

வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் கொடுத்தாயிற்று. பழைய வீட்டை விற்றே விட்டோம். இன்னும் என்ன பேப்பர் வேண்டும் என்று கேட்டால் அத்லெட்டிக் டைரக்டர், "டிஸ்ட்ரிக்ட் கமிட்டி பார்க்கணும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மகள் சாப்பிடக்கூட மாடியிலிருந்து இறங்கி வருவதில்லை. இந்த வழியாகப் போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

நெட் ஓரம்:
பள்ளி மாறி வந்து ஆடுகிறவர்களுக்கு பி.ஏ.பி.எஃப். என்று ஒரு படிவம் உண்டே, முன்பு ஆடிய பள்ளி பற்றியது, அதில் பழைய பள்ளி எழுதும் பகுதி வந்துவிட்டதா? அதில் என்ன எழுதியிருக்கிறது? மற்றதெல்லாம் பிறகு.

சும்மா ஒரு அப்பா:
இப்போதுதான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்துவிட்டதே? பேரைப் பதிந்துவிட்டால் உடனே ஆடலாம் என்று என் மகன் சொல்கிறான்.

நெட் ஓரம்:
ஐயா, அது கல்லூரி சமாச்சாரம். கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 2018 அக்டோபரில் கொண்டுவந்தது. பள்ளி விளையாட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. இங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சங்கம், தனி விதி. டெக்சஸ் அரசுப் பள்ளி என்றால் யு.ஐ.எல். என்ற சங்கம் சொல்வதுதான் சட்டம்.

வாலிபால் அம்மா:
எங்கள் பகுதியை நாங்கள் நிரப்பிக் கையெழுத்துப் போட்டோம். பழைய பள்ளிப் பகுதி நேராகப் புதுப் பள்ளிக்குப் போனது. என்ன எழுதினார்கள் என்று தெரியாது. பார்க்கவும் முடியுமா?

பழைய துணைக்கோச்:
பார்க்கலாம் அம்மா. மகளின் பள்ளிப் பதிவில் உள்ளதைப் பார்க்கப் பெற்றோருக்கு 1974-ஆம் ஆண்டு ஃபெர்பா சட்டமே உரிமை கொடுக்கிறது. எழுதிக் கேட்டால் 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும். ஆனால் சீசன் ஓடுகிற நேரத்தில் 45 நாள் என்பது முழு சீசன். சட்டம் பேசாமல் அத்லெட்டிக் டைரக்டரிடமே நயமாகக் கேளுங்கள், பெரும்பாலும் அன்றைக்கே காட்டிவிடுவார்கள்.

நான் சில வருஷம் இந்த ஊர்ப் பள்ளிகளில் துணைக்கோச்சாக இருந்தவன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று பட்டது. நீங்கள் திறந்தது ஒரு பூட்டு, மாட்டியிருப்பது இன்னொரு பூட்டு.

முதல் பூட்டு, எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது. குடும்பம் முழுக்க வந்துவிட்டதா, கட்டில் பீரோ வந்துவிட்டதா, தபால் எந்த முகவரிக்கு வருகிறது, ஓட்டுரிமை இருந்தால் பதிவு எங்கே என்றெல்லாம் பார்ப்பார்கள். பழைய வீட்டையே விற்றுவிட்ட உங்களுக்கு இதில் பிரச்சினை இருக்காது.

இரண்டாவது, ஏன் வந்தீர்கள் என்பது. விளையாட்டுக்காகப் பள்ளி மாறினாள் என்று கமிட்டி முடிவு செய்தால், அப்பா அம்மா இரண்டு பேரும் மெய்யாகவே குடிபெயர்ந்து வந்திருந்தாலும் குறைந்தது ஒரு வருஷம் வார்சிட்டி கிடையாது. விதியில் இதைப் பச்சையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். லீஸ் காட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறோம்.

அந்தப் படிவத்தில் பழைய பள்ளியைக் கேட்பதே இதைத்தான். அங்கே ஆட்ட நேரம் பற்றிப் புகார் இருந்ததா, கோச்சோடு மனக்கசப்பா, புதுப் பள்ளியிலிருந்து யாராவது கூப்பிட்டார்களா என்று. ஒன்றுக்கு "ஆமாம்" விழுந்தாலும் ஃபைல் கமிட்டி மேஜைக்குப் போய்விடும். அந்தக் கமிட்டி யார் என்றால், உங்கள் போட்டிப் பிரிவில் உள்ள பள்ளிகளின் சூப்பரின்டென்டன்டுகள் (பள்ளி மாவட்டத் தலைமை அதிகாரிகள்), அல்லது அவர்கள் அனுப்பும் அதிகாரிகள். அதாவது அடுத்த வாரம் உங்கள் மகளுக்கு எதிரே ஆடப்போகிற பள்ளிக்காரர்களே நீதிபதிகள். எனக்கு இது என்றைக்கும் பிடித்ததில்லை. இருந்தாலும் ஏற்பாடு அப்படி.

இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும். போன வருஷம் பழைய பள்ளியில் ஏதாவது நடந்ததா? புதுப் பள்ளியில் முன்பே தெரிந்த கோச் யாராவது?

வாலிபால் அம்மா:
படிவத்தைக் காட்டினார்கள். "ஆட்ட நேரம் குறித்து அதிருப்தி" என்பதற்கு "ஆமாம்". கூடவே ஒரு மின்னஞ்சலையும் இணைத்திருக்கிறார்கள்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. போன அக்டோபரில் மகளைத் தொடர்ந்து நாலு மேட்ச் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இவர் ஒரு நாள் ராத்திரி கோபத்தில் கோச்சுக்கு ஒரு மெயில் தட்டிவிட்டார். கடைசி வரி, "இப்படியே போனால் வேறு பள்ளி பார்த்துக்கொள்கிறோம்." எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. பள்ளிக்கு வெளியே மூன்று வருஷமாக அவள் ஆடும் கிளப் டீம் கோச், இந்தப் புதுப் பள்ளியில் உதவிக் கோச். வீடு தேடும்போது, "எங்க ஸ்கூல் ஸோன்ல (அந்தப் பள்ளியில் சேரக்கூடிய குடியிருப்பு எல்லை) கிடைச்சா நல்லா இருக்கும்" என்று வாட்ஸாப்பில் போட்டிருந்தார். அதுவும் தப்பா?

பசிபிக் பக்கம்:
அக்கா, அந்த வாட்ஸாப்தான் ஆபத்து. எங்கள் கலிஃபோர்னியாவில் கிளப் கோச் வேலை செய்யும் பள்ளிக்குப் பிள்ளை மாறினாலே ஆள் பிடித்த கணக்கில்தான் விசாரணை தொடங்கும். இல்லை என்று காட்ட வேண்டியது நம் பாடு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எதையும் அழிக்காதீர்கள், பேப்பரில் மாற்றி எழுதாதீர்கள். இங்கே 202-ஆம் விதி என்று ஒன்று. பொய்த் தகவல் கொடுத்தால் 24 மாதம் வரை ஆட முடியாமல் போகும். 2025 சீசனில் தெற்குப் பிரிவில் மட்டும் டஜன் கணக்கில் ஃபுட்பால் பையன்கள் இதில் மாட்டினார்கள். உள்ளதைச் சொல்லியிருந்தால் அரை சீசன் உட்கார்ந்துவிட்டு ஆடியிருக்கக் கூடியவர்களும் அதில் உண்டு.

சும்மா ஒரு அப்பா:
கோச் ஒரு மெசேஜ் போட்டதற்கு இவ்வளவா? ஒரு பிள்ளை நன்றாக ஆடினால் கூப்பிடத்தானே செய்வார்கள். கல்லூரிக்காரன் வீடு தேடி வந்து கூப்பிடுகிறானே.

பழைய துணைக்கோச்:
சார், "ரெக்ரூட்டிங்" என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கல்லூரிக் கோச் பள்ளி மாணவியைக் கூப்பிடுவது அனுமதிக்கப்பட்ட வேலை, அதற்கென்று நாள் கணக்கும் உண்டு. பள்ளிக் கோச் இன்னொரு பள்ளிப் பிள்ளையைக் கூப்பிடுவது அடியோடு தடை.

எவ்வளவு கறாராகப் பார்ப்பார்கள் என்பதற்கு டென்னசியில் ஒரு வழக்கு உண்டு. 1997-இல் பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் ஃபுட்பால் கோச் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு ஒரு கடிதம் போட்டார். வசந்த காலப் பயிற்சி நடக்கிறது, வந்து பாருங்கள் என்ற அளவில்தான். அந்தப் பையன்கள் ஏற்கெனவே அந்தப் பள்ளியில் சேர முடிவானவர்கள் வேறு. கடிதத்தின் அடியில் "உங்கள் கோச்" என்று கையெழுத்து. மாநிலச் சங்கம் 3,000 டாலர் அபராதம் போட்டது. நாலு வருஷக் கண்காணிப்பு. ஃபுட்பால், ஆண்கள் பாஸ்கட்பால் இரண்டு டீமுக்கும் இரண்டு வருஷம் ப்ளே-ஆஃப் கிடையாது. பள்ளி விடாமல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை இரண்டு முறை போனது. 2001-இல் 5–4 என்று பள்ளிப் பக்கம் தீர்ப்பு: சங்கம் அரசு போலத்தான் செயல்படுகிறது, அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று. சந்தோஷப்பட்டார்கள். 2007-இல் அதே நீதிமன்றம் ஒரு மாற்றுக் குரலும் இல்லாமல், ஆள் பிடிக்கத் தடை போடுவது பேச்சுரிமையைப் பறிப்பதாகாது என்று சொல்லிவிட்டது. ஒரு கடிதத்துக்குப் பத்து வருஷம்!

அதனால் உங்கள் கிளப் கோச்சின் அந்த ஒரு வரி, மகளை மட்டுமல்ல, அவர் வேலையையும் தொடும். அவரிடம் "என்ன சொல்லலாம்" என்று கலந்து பேசாதீர்கள். கூடிப் பேசி வைத்துக்கொண்ட கதை மாதிரி தெரியும்.

ஏரிக்கரை:
மாநிலத்துக்கு மாநிலம் இது தலைகீழாக இருக்கிறது. நாங்கள் ஒஹையோ. இங்கே விலக்கு எதிலும் வராமல் மாறினால், போன 12 மாதத்தில் ஆடிய விளையாட்டில் சீசனின் முதல் பாதி ஆடலாம், பின்பாதியும் ப்ளே-ஆஃபும் கிடையாது. பக்கத்து இண்டியானாவில் 2025 ஜூன் முதல், படிப்பின் முதல் ஆறு செமஸ்டருக்குள் ஒரு முறை மாறினால் முழுத் தகுதியோடே ஆட வழி வைத்திருக்கிறார்கள், ஆள் பிடித்த சங்கதி இல்லாத வரை. ஃப்ளோரிடாவில் 2016 சட்டத்துக்குப் பிறகு மாறின உடனே ஆடலாம். ஆனால் ஆள் பிடித்த பள்ளி ஊழியருக்கு முதல் தடவையே 5,000 டாலர் சம்பளப் பிடித்தம். உறவினர் வீட்டு அனுபவத்தை வைத்து முடிவு எடுக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் மச்சினன் ஃப்ளோரிடா. அவன் பேச்சைக் கேட்டுத்தான் நான் கெட்டேன்.

வாலிபால் அம்மா:
கமிட்டி வருகிற புதன்கிழமை. எங்களை வரச் சொல்லியிருக்கிறார்கள். இவர் "மெயிலைப் பற்றி அவங்களே கேட்டா பார்த்துக்கலாம்" என்கிறார். என்ன செய்ய?

பழைய துணைக்கோச்:
இணைத்து வைத்திருக்கிறார்களே அம்மா, கேட்காமல் இருப்பார்களா? நீங்களே முதலில் எடுத்து வையுங்கள். "கோபத்தில் எழுதியது, தப்பு, எழுதியவர் இவர், மகளுக்குத் தெரியாது" என்று அவரே சொல்லட்டும். பிறகு குடிமாறின காரணம். வேலை இடம் மாறியதா? தம்பி தங்கை யாராவது உண்டா? எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து மாறினார்களா? இதற்கெல்லாம் தேதி போட்ட காகிதம் இருந்தால் அதுதான் பேசும். மகள் எவ்வளவு நன்றாக ஆடுவாள், எவ்வளவு அழுகிறாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். விளையாட்டுக்காகத்தான் வந்தோம் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

வாலிபால் அம்மா:
இவருடைய அலுவலகம் மார்ச்சில் இந்தப் பக்கம் மாறியது. கடிதம் இருக்கிறது. சின்னவன் ஆறாம் வகுப்பு, அவனும் இங்கேதான். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அலுவலகத்துக்குப் பக்கத்தில் மூன்று பள்ளி ஸோன் இருந்தது. இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தது கிளப் கோச்சுக்காகத்தான்.

நெட் ஓரம்:
அந்தக் கடைசி வரிக்குத்தான் புதன்கிழமை பதில் தேட வேண்டியிருக்கும்.

வாலிபால் அம்மா (ஒன்பது நாள் கழித்து):
முடிவு வந்துவிட்டது. குடியிருப்பில் குறை இல்லை என்றார்கள். மெயிலைப் பற்றி இவரே சொன்னார், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருவர், "மூன்று ஸோனில் இதை ஏன்?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஓட்டு எங்களுக்கு எதிராகப் போனது. ஒரு வருஷம் வார்சிட்டி இல்லை, ஜே.வி. ஆடலாம். மாநிலக் கமிட்டிக்கு அப்பீல் உண்டு என்றார்கள். இவருக்கு ஆசை. மகள், "வேண்டாம்மா, எனக்காக யாரும் இனிமே எங்கேயும் போய் உட்கார வேண்டாம்" என்கிறாள்.

என் கவலை கல்லூரி. ஜே.வி. ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள்?

பசிபிக் பக்கம்:
வாலிபாலில் கல்லூரிக் கோச்சுகள் அதிகம் பார்ப்பது கிளப் டோர்னமென்ட்டில்தான் அக்கா. அதை இந்த முடிவு தொடாது. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1 கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-இலிருந்தே நேரடியாகப் பேசலாம். உங்கள் மகளுக்கு அந்த நாள் தாண்டிவிட்டது. கிளப் வீடியோவை அவளே அனுப்பத் தொடங்கட்டும்.

பழைய துணைக்கோச்:
ஒன்று மட்டும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அந்த ஒரு வருஷம் எந்தத் தேதியிலிருந்து? பள்ளியில் சேர்ந்த நாளா, கமிட்டி ஓட்டுப் போட்ட நாளா? அடுத்த ஆகஸ்டில் அந்த நாலு வாரம் பெரிய வித்தியாசம்.

வாலிபால் அம்மா:
கேட்டேன் சார். சேர்ந்த நாளிலிருந்து என்று மெயிலில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பள்ளி திறப்பதற்கு முன்னால் நடக்கும் முதல் டோர்னமென்ட் மட்டும் போகும். செவ்வாய்க்கிழமை ஜே.வி. மேட்ச், லிபரோ (பின்வரிசைத் தடுப்பு ஆட்டக்காரர்) சட்டை கொடுத்திருக்கிறார்கள். நேற்று இறங்கி வந்து சாப்பிட்டாள்.