ஒரே ஒரு ஸ்ப்ரிண்ட்எஃப் போட்டேன், 64 கேபி ஃப்ளாஷ் நிரம்பிடுச்சு

சாலிடர்புகை:
வணக்கம் எல்லாருக்கும். ப்ளூபில் போர்டு, அதுல எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப்பு, ப்ரோக்ராம் தங்குற ஃப்ளாஷ் 64 கேபி, கம்பைலர் ஜிசிசி. நேத்து வரைக்கும் நல்லா ஏறிட்டிருந்துச்சு, டெம்பரேச்சரை சீரியல்ல 27.4னு காட்டலாம்னு நம்பரை எழுத்தா மாத்துற ஸ்ப்ரிண்ட்எஃப் ஒரு வரி சேத்தேன், உடனே கோடையும் லைப்ரரியையும் ஒண்ணா சேக்குற லிங்கர் ஃப்ளாஷ் ஓவர்ஃப்ளோன்னு கத்துது. -ஓ0 (கோடை சுருக்காத செட்டிங்), -ஜி (டீபக் விவரம் சேக்குறது) ரெண்டும் போட்டிருக்கேன். நேத்து ஏறுன ஈஎல்எஃப் ஃபைலே (கம்பைல் பண்ணா வர்ற ஃபைல்) 1 எம்பிக்கு மேல இருக்கு, அது எப்படி உள்ள போச்சுன்னே புரியல. -ஜி எடுத்துட்டா சரியாயிடுமா?

பழையபைட்டு:
-ஜி எடுத்தா ஃப்ளாஷ்ல ஒரு பைட்டு கூட மிச்சமாகாது தம்பி. டீபக் விவரமெல்லாம் ஈஎல்எஃப் கூட கம்ப்யூட்டர்லயே தங்கிடும், சிப்புக்கு போகாது. ஃபைலோட சைஸ பாக்காத, ஆர்ம் டூல்ல சைஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு, டெக்ஸ்ட், டேட்டா, பிஎஸ்எஸ்னு மூணு காட்டும், முதல் ரெண்டையும் கூட்டினா அதான் ஃப்ளாஷ், பிஎஸ்எஸ் ராமுக்கு மட்டும். -ஓ0ல கம்பைலர் ஒவ்வொரு வேரியபிளையும் ஸ்டாக்ல எழுதி திரும்ப எடுத்துன்னு கோடு ஊதிப் போயிடும், சைஸ சுருக்குற -ஓஎஸ் போடு. கூடவே -எஃப்ஃபங்ஷன்-செக்ஷன்ஸ், -எஃப்டேட்டா-செக்ஷன்ஸ், ஒவ்வொரு ஃபங்ஷனையும் டேட்டாவையும் தனித்தனியா பிரிச்சு வைக்கும். ஆனா யாரும் கூப்பிடாதத தூக்கிடுன்னு லிங்கர்கிட்ட --ஜிசி-செக்ஷன்ஸ் சொல்லலன்னா இந்த ரெண்டும் தண்டம், பாதி பேர் இதத்தான் விட்டுட்டு குறையவே இல்லன்னு வர்றாங்க.

ரெண்டாம்ஷிஃப்ட்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா -ஓஎஸ் உங்க கோடத்தான் சுருக்கும் ப்ரோ. ஸ்ப்ரிண்ட்எஃப் நியூலிப்ங்கிற சி லைப்ரரில முன்னாடியே கம்பைல் ஆகி உக்காந்திருக்கு, அதை உங்க செட்டிங் தொடாது. முழு நியூலிப்ல வெறும் இன்ட் (முழு எண்) பிரிண்ட் பண்ணாலும் ஃப்ளோட் (தசம எண்) கோடு, மெமரி ஒதுக்குற மல்லாக் எல்லாம் குடும்பத்தோட வந்து இறங்கும். அதுவும் உங்க சிப்புல இருக்குற கார்டெக்ஸ் எம்3 ப்ராசஸர்ல எஃப்பியு (தசம கணக்கு போடுற ஹார்ட்வேர்) கிடையாது, டபுள் (பெரிய சைஸ் ஃப்ளோட்) கணக்கு மொத்தமும் சாஃப்ட்வேர்தான். லிங்கர்ல --ஸ்பெக்ஸ்=நானோ.ஸ்பெக்ஸ் போட்டு நியூலிப்போட சின்ன வெர்ஷனுக்கு மாறி பாருங்க, பெருசா குறையும். ஆனா நானோல ஃப்ளோட் பிரிண்ட் ஆகாது, வேணும்னா -யு _ப்ரிண்ட்எஃப்_ஃப்ளோட்னு தனியா கேக்கணும், கேட்டா மறுபடி ஊதும். நானா இருந்தா 27.4ஐ 274னு இன்ட்லயே வச்சு பத்தால வகுத்து நடுவுல புள்ளி வச்சுட்டு போயிடுவேன். வேற எங்கயாவது 0.5னு எழுதிருந்தா 0.5எஃப்னு மாத்துங்க, இல்லாட்டி அந்த ஒரு நம்பருக்காக டபுள் உள்ள வந்துடும்.

சாலிடர்புகை:
நானோவும் -ஓஎஸ்ஸும் போட்டேன், இன்ட்டுக்கும் மாத்திட்டேன், 29 கேபிதான் வருது, நம்பவே முடியல! ஆனா இப்ப எல்இடி விட்டு விட்டு எரியாம சும்மா எரிஞ்சுகிட்டே இருக்கு, எல்இடி கோட்ல கை வைக்கல 😐

பழையபைட்டு:
டிலேக்கு வெறும் ஃபார் லூப்ப சுத்த விட்டிருப்பியே? அதால ஒரு வேலையும் நடக்கலன்னு கம்பைலர் அதையே தூக்கிடுச்சு. எல்இடி கண்ணுக்குத் தெரியாத வேகத்துல மினுக்குது. அதுக்கு பதிலா எஸ்டிஎம்32 ஹால் லைப்ரரில இருக்குற ஹால்_டிலே போட்டுக்கோ. இன்டரப்ட்ல மாத்துற ஃப்ளாக் ஏதாவது இருந்தா அதுக்கு வோலடைல் (ஒவ்வொரு தடவையும் மெமரில இருந்தே படின்னு கம்பைலருக்கு சொல்றது) இருக்கான்னு இப்பவே பாத்துடு, அடுத்து அதுக்கு வருவ.

சாலிடர்புகை:
ஃபார் லூப்பேதான் 🙈 ஃப்ளாக் ரெண்டு இருக்கு, ஒண்ணுத்துலயும் வோலடைல் இல்ல.