1.8 கான்டெஸா எடுக்கலாமா? செலவு எங்கெங்க போகும்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம்ங்க. எங்க ஊர்ப் பக்கம் ஒரு 1993 கான்டெஸா கிளாசிக் (ஹிந்துஸ்தான் மோட்டார்ஸோட பழைய கார்), இசுசு 1.8 பெட்ரோல், விலைக்கு வந்திருக்கு. கே.எல். 09 நம்பர். கொட்டகையில நின்னு பல வருஷமாச்சு, இன்ஜின் சுத்தலை. ஆர்.சி. 2023-ல முடிஞ்சது, புதுப்பிக்கலை. முன் பம்பர் குரோம் உரிஞ்சிருக்கு. பின்னாடி விளக்கு ஒண்ணு உடைஞ்சிருக்கு.

வண்டி விலை கட்டுப்படியாகும். அதுக்கு மேல சரி பண்ண ஏறிக்கிட்டே போற செலவுதான் யோசனையா இருக்கு. பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்? வேலையைப் பொள்ளாச்சியில பண்ணினா நம்பரைத் தமிழ்நாட்டுக்கு மாத்தணுமா?

பொள்ளாச்சி டிங்கர்:
தம்பி, இன்ஜினை அப்புறம் பாருங்க. முதல்ல கீழ படுத்து பாடியைப் பாருங்க. கான்டெஸாவுக்குத் தனி சேஸிஸ் கிடையாது. 1972-ல இங்கிலாந்துல வந்த வாக்ஸால் விக்டர் பாடிதான் இதுக்கு மூலம். தரையும் கதவுக்குக் கீழ ஓடுற சில் பெட்டியும்தான் மொத்த பாரத்தையும் தாங்குது. சில் போச்சுன்னா வண்டியோட முதுகெலும்பே போச்சு.

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி சில், மட்கார்டு அடி, டிக்கியில ஸ்டெப்னி உட்காரும் குழி, முன் கண்ணாடியோட கீழ் மூலை ரெண்டும் தொட்டுப் பாருங்க. காந்தம் ஒட்டாத இடத்துல தகரம் இல்லை, பள்ளத்தை நிரப்பப் பூசின பட்டிதான் இருக்கு. உள்ள கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால குத்துங்க. அடுத்து, கதவை மூடி வச்சு, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாருங்க. சில்லோட ஜாக்கி பாயின்ட்ல கொடுத்துத் தூக்குங்க. இடைவெளி மாறினாலோ, கதவு பிடிச்சாலோ பாடி வளையுதுன்னு அர்த்தம். அந்த வண்டியை இனாமாக் கொடுத்தாலும் எடுக்காதீங்க.

செலவு ஏன் ஏறுதுன்னு கேட்டீங்கன்னா, அமெரிக்காவுல 1969 கமாரோவுக்கும் மஸ்டாங்குக்கும் முழு பாடியே இன்னைக்கும் புதுசா அச்சடிச்சுக் கிடைக்குது. அங்க வண்டி விலைதான் பெருசு, தகரம் கைக்கு வந்துடும். நம்ம கதை நேர்மாறு. கான்டெஸா உற்பத்தி 2002-ல நின்னுச்சு, புதுத் தகடு கிடையாது. ஒவ்வொரு வளைவையும் கையால அடிச்சு எடுக்கணும். அந்தக் கை இருக்கிற ஆளுங்க குறைஞ்சுட்டாங்க. இப்போ வர்ற பசங்க பேனலைக் கழற்றி மாட்டித்தான் பழகியிருக்காங்க. நீங்க கொடுக்கப் போற பணத்துல பெரும்பங்கு அந்தக் கைக்கூலிதான். அதுல பேரம் பேசாதீங்க, ஆளைப் பார்த்து எடுங்க.

சில் அறுக்கும் முன்னாடி கதவு வாசல்ல குறுக்கே இரும்புக் குழாய் வச்சு வெல்ட் பண்ணிப் பிடிச்சுக்கணும். இல்லேன்னா அறுத்ததும் பாடி தொங்கிடும், அப்புறம் எந்தக் கதவும் சரியா மூடாது. சில்லுக்கு 18 கேஜ் தகடு, தரைக்கும் மட்கார்டுக்கும் 20 கேஜ். கேஸ் வெல்டிங் வேண்டாம், சூடு பரவித் தகடு நெளியும். மிக் (MIG) கரன்ட் வெல்டிங்ல விட்டு விட்டுப் புள்ளி வச்சு, ஆற விட்டுச் சேர்க்கணும். துருவை மேல தேய்ச்சு விடாம, பளபளன்னு இரும்பு தெரியற வரைக்கும் அறுத்துத் தள்ளணும். பட்டி 3 மி.மீ.க்கு மேல ஏறக் கூடாது.

மணல் அடிக்கிறதை அடிபாகத்தோட நிறுத்துங்க. பானெட்டுக்கும் கூரைக்கும் அடிச்சா தகடு அலை அலையா வந்துடும், அங்க ரசாயனம் போட்டு உரிங்க. உரிச்ச அன்னைக்கே எபாக்ஸி ப்ரைமர் அடிக்கணும். பாலக்காட்டுக் கணவாயில ஆனி, ஆடிக் காத்து ஈரத்தைச் சுமந்துட்டு வரும். வெறும் இரும்பை ராத்திரி விட்டா காலையில மஞ்சள் பூத்திருக்கும். சாம்பல் நிற சாதா ப்ரைமர் தண்ணியை உறிஞ்சும். அந்த ப்ரைமரோட மட்டும் வண்டியை மழைக்காலத்துல நிறுத்தி வச்சா பெயிண்ட் அடிச்ச பிறகு கொப்புளம் வரும். பெயிண்ட் வேலையைத் தை மாசத்துக்கு மேல வச்சுக்கங்க.

கோவை லேத்:
இன்ஜின் சுத்தலைன்னா செல்ஃப் கொடுக்காதீங்க, தள்ளியும் பார்க்காதீங்க. பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் 20 மி.லி. அளவுக்கு டீசலும் ஏ.டி.எஃப்.பும் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) சரிபாதி ஊத்தி ரெண்டு மூணு நாள் விடுங்க. அப்புறம் கிராங்க் புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு மெதுவா முன்னும் பின்னும் அசைங்க. விட்டுதுன்னா ஆயில் மாத்தி, கம்ப்ரஷன் பாருங்க. சிலிண்டருக்குச் சிலிண்டர் 10, 15 சதவீதத்துக்குள்ள இருந்தா போர் வேலை (சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்குறது) இல்லாமலே ஓட்டலாம். குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா ரிங் தேய்மானம், ஏறலைன்னா வால்வு.

நல்ல சேதி ஒண்ணு இருக்கு. இதே 1,817 சி.சி. இசுசு இன்ஜின்தான் அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட்.லயும் வந்துச்சு. கேஸ்கெட், ரிங், வாட்டர் பம்ப் எல்லாம் அம்பாசடர் பேரைச் சொல்லிக் கேளுங்க. கான்டெஸான்னு சொன்னா விலை தனி. போர் அடிக்கணும்னா பிஸ்டன் செட் கைக்கு வந்த பிறகுதான் பிளாக்கை அறுக்கக் கொடுக்கணும். அளவை முன்கூட்டியே அறுத்துட்டு அந்த சைஸ் பிஸ்டன் கிடைக்காம கிடக்கிற பிளாக்குகள் நிறைய.

கூலன்ட் கலக்காம பச்சைத் தண்ணி மட்டும் ஊத்தி ஓட்டின வண்டின்னா அலுமினிய ஹெட்டைக் கவனிங்க. தண்ணி ஓட்டையைச் சுத்தி அரிச்சிருக்கும். நேர்ப்பட்டை வச்சு அதுக்கு அடியில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்க. 0.05 மி.மீ. இலை தாராளமா நுழைஞ்சா சர்ஃபேஸ் கிரைண்டிங் போகணும்.

இப்போ பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1993 ரப்பர் அதுக்குச் செஞ்சதில்லை. பெட்ரோல் ஹோஸ் முழுக்க வைட்டானுக்கு (எத்தனால் தாங்குற ரப்பர்) மாத்துங்க, பம்ப் டயாஃப்ரமும் கார்புரேட்டர் கேஸ்கெட்டும் புதுசு போடுங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நிறுத்தியே வச்சா டேங்க் அடியில தண்ணி பிரிஞ்சு துரு பிடிக்கும். பெட்ரோலும் காத்தும் சேர்ற கலவை மெலிஞ்சு போறதால ஏத்தத்துல இழுவை குறையும், வால்வு சூடாகும். கார்புரேட்டர்ல பெட்ரோல் போற மெயின் ஜெட் துளையோட விட்டத்தை 4 சதவீதம் போல பெருசாக்கினா பெட்ரோல் 8 சதவீதம் கூடப் போகும், அது போதும். 110 ஜெட் இருந்தா 114, 115.

வாளையார் பேப்பர்:
பேப்பர் விஷயம். 20 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூபாய் ஆக்கினாங்க. 2022-க்கு முன்னாடி அது 600. தாமதத்துக்கு மாசம் 500 ரூபாய் தனி, மூணு வருஷம் விட்டா அதுவே 18,000. இதோட பசுமை வரியும் உண்டு. இந்த நிலுவையை விற்கிறவர் தலையிலேயே வைங்க. அவர் பேர்ல புதுப்பிச்சுக் கொடுத்த பிறகு படிவம் 29, 30-ல உங்க பேருக்கு மாத்திக்கங்க.

வாஹன்கிற அரசோட வண்டிப் பதிவுத் தளத்துல நம்பர் வருதான்னு பாருங்க. கையெழுத்துப் பதிவேட்டுக் காலத்து வண்டின்னா ஏத்தாம விட்டிருக்கலாம், முதல்ல ஏத்தச் சொல்லணும். ஆர்.சி.யில இருக்கிற இன்ஜின் நம்பரும் பிளாக்குல இருக்கிறதும் ஒண்ணான்னு பென்சில் தேய்ச்சு எடுங்க. நடுவுல டீசல் இன்ஜின் மாட்டி, திரும்ப பெட்ரோல் மாட்டின வண்டிங்க உண்டு.

பொள்ளாச்சியில வேலைக்கு விடறதுக்கு நம்பர் மாத்த வேண்டாம். வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தாத்தான் மறுபதிவு. அப்படின்னா பாலக்காட்டுல படிவம் 28-ல என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டுல வரி கட்டணும். ஆர்.சி. உயிரோட இல்லாத வண்டியை கோபாலபுரம் வழியா ஓட்டிட்டுப் போகாதீங்க, லாரியில ஏத்துங்க. விண்டேஜ் பதிவு உதவாது, அதுக்கு 50 வயசு ஆகணும்.

இன்சூரன்ஸையும் கணக்குல சேருங்க. 1,500 சி.சி.க்கு மேல மூன்றாம் நபர் பிரீமியம் 2022-ல நிர்ணயிச்சது 7,897 ரூபாய், அதுக்கு மேல ஜி.எஸ்.டி. பழைய 1,489 சி.சி. இன்ஜின் கான்டெஸாவா இருந்தா 3,416-தான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரொம்ப நன்றிங்க. அந்த பம்பரும் விளக்கும் எப்படிங்க?

பொள்ளாச்சி டிங்கர்:
விளக்கு, கிரில், கதவு பட்டை, கண்ணாடி பீடிங் இதெல்லாம் ஒவ்வொண்ணா தேடினா வருஷக்கணக்காகும். இதுல நாலு ஐட்டத்துக்கு மேல இல்லேன்னா, பாடி செத்துப்போன இன்னொரு கான்டெஸாவை உதிரிக்கு வாங்கிடறது மலிவு. அதோட முன் கண்ணாடி கீறல் இல்லாம இருந்தாலே போட்ட பணம் திரும்பின மாதிரி.

பம்பரைப் பொறுத்தவரை, பழைய குரோமை உரிக்கச் சொல்லுங்க. உரிச்ச பிறகு நீங்களே போய் அடியைப் பாருங்க, ஒடுக்கு எல்லாத்தையும் அப்பவே எடுக்கணும், முலாம் எதையும் மறைக்காது, எடுத்துத்தான் காட்டும். செம்பு போட்டு பஃப் அடிச்சு, அதுக்கு மேல நிக்கல், கடைசியில குரோம். இந்த வரிசையில செம்பை விட்டுட்டு நேரா நிக்கல் போடறவங்க பாதி விலை சொல்வாங்க. ரெண்டு மழைக்காலம் தாங்காது. உள்பக்கத்துக்கு ஜிங்க் ப்ரைமர் அடிச்சு மாட்டுங்க, துரு எப்பவும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.